பாக்கெட்டின் பின்பக்கம்

ஜூலை 3, வியாழன்

என் பெயர் சி. குற்றாலலிங்கம். வயது ஐம்பது. பாளையங்கோட்டையில் உதவிபெறும் மேல்நிலைப் பள்ளி ஒன்றில் உதவித் தலைமையாசிரியராகவும் இயற்பியல் ஆசிரியராகவும் பணிபுரிகிறேன். இந்த நோட்டை எழுதுவதற்கு ஒரே நோக்கம்தான் உண்டு. என் வாய்க்குள் செல்லும் ஒவ்வொன்றையும் நேரம், அளவு ஆகியவற்றுடன் பதிவு செய்ய வேண்டும் என்று உணவியல் ஆலோசகர் ஷைனி பணித்திருக்கிறார். இரத்த அழுத்தம் 156/98. உப்பு ஏறத்தாழ முற்றிலும் விலக்கப்பட்டுள்ளது. ஊறுகாய், அப்பளம், வற்றல், பாக்கெட் பண்டங்கள் அறவே கூடாது.

"ஒரு முறுக்கு கடிச்சாலும் எழுதணும் சார். மாசம் ஒருக்கா நோட்டக் கொண்டாங்க, பாக்கேன்" என்றார்.

"ரெஜிஸ்டர்னா முழுசாத்தாம்மா இருக்கும்" என்றேன். முப்பது வயது கூட இராத பெண் என்னிடம் முழுமையைப் பற்றிப் பேசியது சற்று உறுத்தியது.

காலை 7.40: இட்லி 3, உப்பில்லாச் சாம்பார். பகல் 1.10: சோறு ஒன்றரைக் குவளை, அவரைக்காய், மோர். இரவு 8.00: கோதுமை தோசை 2.

என் மனைவி செண்பகவடிவும் இன்று முதல் உப்பில்லாமலே உண்பதாக முடிவு செய்துவிட்டாள். அவளுக்கு எந்த நோயும் இல்லை. காரணம் கேட்டேன். "ஒங்களுக்கொரு சட்டி எனக்கொரு சட்டின்னு வச்சு எறக்க என்னால ஏலாது. அதுவும் போக, நீங்க அதத் திங்கத பாத்துக்கிட்டு நான் உப்பு போட்டுத் தின்னா எனக்கு எறங்குமா?" என்றாள்.

ஜூலை 7, திங்கள்

பள்ளியில் பாக்கெட் பண்டங்களைத் தடைசெய்யும் சுற்றறிக்கை இன்று பிரார்த்தனைக் கூட்டத்தில் வாசிக்கப்பட்டது. விதிகள் ஏழு. அனைத்தும் நான் எழுதியவை. தலைமையாசிரியை திருமதி பாக்கியசீலி ஒரு சொல்லையும் மாற்றாமல் கையொப்பமிட்டார்.

மூன்றாம் விதியைப் பற்றி எனக்குச் சற்றுப் பெருமை உண்டு. பறிமுதல் செய்யப்படும் பண்டம் மாணவரின் உடைமை. அது பள்ளிக்கு உரியதன்று. எனவே சீட்டுக் கொடுத்து, இயற்பியல் ஆய்வகத்து இரும்பு அலமாரியில் பாதுகாத்து, ஆகஸ்ட் இறுதியில் நடக்கும் பெற்றோர் கூட்டத்தில் பெற்றோரிடம் கையொப்பம் பெற்றுத் திருப்பித் தர வேண்டும். வேறு பள்ளிகளில் பறித்த பண்டம் ஆசிரியர் ஓய்வறைக்குப் போய்விடும் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். அது திருட்டு.

ஏழாம் விதி: கூட்ட நாளுக்குள் காலாவதியாகும் பண்டங்களை உதவித் தலைமையாசிரியர் தாமே அழித்துவிட வேண்டும்.

அலமாரிக்குச் சாவி இரண்டு. ஒன்று என்னிடம், மற்றது அலுவலக உதவியாளர் பால்துரையிடம். அவர் ஒன்பது ஆண்டுகளாகத் தற்காலிகப் பணியில் இருப்பவர். அவரை நிரந்தரமாக்கும் கோரிக்கை செப்டம்பரில் நிர்வாகக் குழுவின் முன் வருகிறது.

உணவு: ஜூலை 3 போலவே.

ஜூலை 10, வியாழன்

முதல் வாரப் பறிமுதல் இருபத்திரண்டு. இவற்றில் பெரும்பாலானவை சிறிது காலம் மட்டுமே விற்கப்படும் வகைகள் என்பதைக் கவனித்தேன். மழைக்காலத்துக்கென மிளகு ரசச் சுவையில் உருளைச் சீவல். கோடை முடிந்தும் கடைகளில் மிஞ்சியிருக்கும் நுங்கு சோடா. கொரிய மிளகாய்த் தூளுடன் கப் நூடுல்ஸ். பத்தாம் வகுப்பு மாணவன் ஒருவன் ரசப் பாக்கெட்டை விடாமல் பிடித்துக்கொண்டு, "சார், லிமிடெட் எடிஷன் சார்! இந்த மாசம் விட்டா உலகத்துலயே கெடைக்காது சார்!" என்று கெஞ்சினான்.

"ரசம் ஒன் வீட்டுலயே தெனம் கெடைக்குமே" என்றேன். வகுப்பு சிரித்தது.

ஆயினும் அவன் சொன்னதில் ஒரு தருக்கம் உண்டு. என்றும் கிடைக்கும் பொருளை மனிதன் நாளைக்கென்று ஒத்திவைக்கலாம். ஒரு மாதம் மட்டுமே கிடைக்கும் பொருளை ஒத்திவைக்க இயலாது. நிறுவனங்கள் விற்பது சுவையை அன்று, அந்த அவசரத்தை. இதை அடுத்த பிரார்த்தனைக் கூட்டத்தில் பேசலாம்.

காலை: உப்புமா. (பெயரில் மட்டுமே உப்பு.)

ஜூலை 16, புதன்

மிளகு ரசச் சீவல் ஒன்று நேற்றுடன் காலாவதியாகிவிட்டது. விதி ஏழின்படி மாலை 4.40 மணிக்கு ஆய்வக இருட்டறையில் அழிக்கப்பட்டது. பதிவேட்டில் கையொப்பமிட்டேன்.

இரவு: பசி இல்லை. மோர் மட்டும்.

ஜூலை 18, வெள்ளி

விதி ஏழு. நுங்கு சோடா, 1.

ஜூலை 22, செவ்வாய்

விதி ஏழு. கப் நூடுல்ஸ், 1. இதன் காலாவதி நாளைதான் முடிகிறது. எனினும் நாளை எனக்கு மாவட்டக் கூட்டம் இருப்பதால் இன்றே அழிப்பது முறை என்று கருதினேன். இருட்டறையில் மின்கெண்டி இருப்பது வசதி.

மாலையில் கண் எரிச்சல், சிவப்பு. காரணம் சுண்ணக்கட்டித் தூசியாக இருக்கலாம்.

இரத்த அழுத்தம் 158/98. கருவியைச் சரிபார்க்க வேண்டும்.

ஜூலை 25, வெள்ளி

இருட்டறையில் எறும்புச் சாரை. நிறமாலைமானி போன்ற நுட்பமான கருவி இருக்கும் இடத்தில் எறும்பு வரலாமா? பால்துரையை அழைத்துக் கண்டித்தேன்.

"சுத்தம் பண்ணிருதேன் சார்."

"சுத்தம் பண்ணுனா மட்டும் போதாது. எதுக்கு வருதுன்னு பாக்கணும்."

"பாத்துட்டேன் சார்" என்று கூறிவிட்டு வாளியை எடுக்கச் சென்றார்.

ஜூலை 28, திங்கள்

இருட்டறைத் தொட்டியருகே புதிய சோப்பும் ஒரு துவாலையும் இருந்தன. ஆய்வகத் தூய்மையில் பால்துரை காட்டும் அக்கறை பாராட்டத்தக்கது.

விதி ஏழு, 2.

ஆகஸ்ட் 1, வெள்ளி

ஷைனி அவர்களிடம் சென்றோம். அழுத்தம் 162/100. நோட்டைப் பக்கம் பக்கமாகப் புரட்டினார். "இப்படிச் சாப்பிட்டா கொறையணுமே. ஏன் ஏறுது?" என்றார். பிறகு செண்பகவடிவைப் பார்த்து, குரலைத் தணித்து, "அக்கா, தப்பா நெனைக்காதீங்க. சாருக்குப் பாவம் பாத்து ஒரு சிட்டிக உப்பு போட்டுருதீங்களோ?" என்று கேட்டார்.

"ஒரு கல்லு போடலம்மா. சத்தியமாப் போடல. நானே அதத்தான் திங்கேன்."

"எல்லா வீட்டுலயும் இப்படித்தான்கா சொல்லுதாங்க" என்று ஷைனி சிரித்தார்.

நான் சுவரில் தொங்கிய உணவு அட்டவணையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் செண்பகவடிவு அடுப்படி அலமாரியைத் திறந்து, தூள் டப்பாக்களின் பின்னால் அச்சிட்டிருப்பதை ஒவ்வொன்றாக வாசித்தாள். "பெருங்காயத்துல உப்பு இருக்குமோ? இந்தச் சாம்பார்ப் பொடில இருக்குமோ?" என்று என்னைக் கேட்டாள். கடைத் தூள்கள் அனைத்தையும் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டாள். இனி வீட்டிலேயே வறுத்து இடிப்பதாகச் சொன்னாள்.

இரவு: இடியாப்பம் 4, தேங்காய்ப் பால்.

ஆகஸ்ட் 4, திங்கள்

விதி ஏழைப் பயன்படுத்துவதை இன்றுடன் நிறுத்துவதாக முடிவு.

ஆகஸ்ட் 6, புதன்

விதி ஏழு, 1.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

எட்டாம் வகுப்பு 'ஆ' பிரிவில் முகிலா என்னும் மாணவியின் பையிலிருந்து ஒரு பாக்கெட் பறிமுதல். 'குறுமுறு' நிறுவனத்தின் உருளைச் சீவல். மோர்மிளகாய்ச் சுவை. முகப்பில் 'இரண்டு மாதங்கள் மட்டும்' என்று மஞ்சள் வட்டத்தில் அச்சிடப்பட்டிருந்தது.

"சார், அது திங்கதுக்கு இல்ல சார். பிள்ளைகள்ட்ட காட்டத்தான் கொண்டாந்தேன். தாங்க சார். எங்கம்மைக்குத் தெரியாது சார்."

"அம்மைக்குத் தெரியாம கொண்டாந்தா அது ரெண்டாவது தப்பு" என்று கூறிச் சீட்டெழுதிக் கொடுத்தேன். அந்தப் பெண் அழுதாள். சிப்ஸுக்காக இப்படி அழும் தலைமுறையை நினைத்து வருந்தினேன்.

எந்தப் பாக்கெட்டையும் பின்பக்கம் முழுவதும் வாசித்த பிறகே அலமாரியில் வைப்பது என் வழக்கம். நூறு கிராமுக்கு சோடியம் 890 மில்லிகிராம். இது கொடுமை. காலாவதி நவம்பர் 20.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

இந்தப் பக்கம் ஷைனி அவர்களுக்குக் காட்டப்படாது.

மோர்மிளகாய்ப் பாக்கெட்டின் காலாவதி நவம்பர் 20. விதி ஏழு பொருந்தாது. வேறு எந்த விதியும் பொருந்தாது. ஒரு வார காலம் தினமும் அலமாரியைத் திறந்து அதைப் பார்த்தேன். கையில் எடுத்தேன். திரும்ப வைத்தேன். இன்று மாலை 4.35 மணிக்குத் திரும்ப வைக்கவில்லை.

ஆய்வகக் கத்தரியால் மேல் விளிம்பை நேர்கோடாக வெட்டினேன். இருட்டறையின் கறுப்புத் திரையை இழுத்துவிட்டேன். ஒவ்வொரு சீவலையும் நாக்கின் மேல் வைத்து, அது ஊறித் தளரும் வரை காத்திருந்து, பிறகு விழுங்கினேன். கடித்தால் வராந்தாவுக்குக் கேட்கும். இந்த முறையைச் சென்ற மாதமே கண்டறிந்திருந்தேன்.

முதலில் உப்பு. பிறகு மோரின் புளிப்பு. கடைசியில், எண்ணெயில் பொரிந்து கறுத்த மிளகாயின் அந்தக் கரிந்த காரம். ஒன்றரை மாதத்தில் என் வாய்க்கு இப்படி ஒன்று கிடைக்கவில்லை. கண்ணில் நீர் வந்தது. ஓர் உருளைச் சீவலுக்காக. என் வயது ஐம்பது.

பாக்கெட்டை நான்காக மடித்து நிறமாலைமானியின் அடியில் செருகினேன். மற்றவற்றையும் அங்கேதான் செருகுவது வழக்கம்.

இழப்பை ஈடுசெய்வது எளிது. கூட்டம் 30ஆம் தேதி. அதற்குள் அதே நிறுவனம், அதே சுவை, அதே எடை கொண்ட பாக்கெட்டை வாங்கி வைத்துவிடுவேன். உடைமை குறையாது.

ஆகஸ்ட் 22, வெள்ளி

சமாதானபுரத்தில் நான்கு கடைகள். இல்லை.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

ரயில் சந்திப்பு, டவுன், மேலப்பாளையம் ஆகிய இடங்களில் பதினேழு கடைகள். சந்திப்பில் மொத்த வியாபாரி ஒருவரிடம் விசாரித்தேன்.

"அதுவா? அது போயிட்டு சார். லிமிடெட் எடிசன்லா? ஆடியோட நிப்பாட்டிட்டான்."

"மறுபடியும் வருமா?"

"எங்கன வரும்? ஓடாத சரக்க வருசக்கணக்கா போடுவான். நல்லா ஓடுனத நிப்பாட்டிருவான். கேட்டா, அப்பந்தான் ஜனம் ஏங்கும்பான். அவன் புத்தி நமக்கு வெளங்காது." பிறகு என்னைக் கனிவாகப் பார்த்து, "பேரப் பிள்ளைக்கா சார்? வேணும்னா தக்காளில எடுத்துட்டுப் போங்க. பிள்ளைகளுக்கு என்ன தெரியப் போவுது" என்றார்.

"ஆமா, பேரனுக்குத்தான்" என்றேன். எனக்குப் பேரன் இல்லை. எங்களுக்குப் பிள்ளைகளே இல்லை.

ஆகஸ்ட் 30, சனி

பெற்றோர் கூட்டம்.

முகிலாவின் தாயார் பதினொன்றரை மணிக்கு வந்தார். பெயர் பேச்சித்தாய். ஆலையில் ஷிப்ட் நடுவே அனுமதி கேட்டு நேராக வந்திருப்பார் போலும். நீல மேற்சட்டையைக் கழற்றவில்லை. முடிவலைத் தொப்பியின் தடம் நெற்றியில் சிவப்புக் கோடாக இருந்தது. சட்டையில் பொரித்த எண்ணெயின் மணம். சீட்டை நீட்டினார்.

தலைமையாசிரியை முன்னிலையில் அலமாரியைத் திறந்தேன். மேல் தட்டு, நடுத்தட்டு, கீழ்த் தட்டு மூன்றையும் பார்த்தேன். பார்ப்பது போல் பார்த்தேன் என்று எழுதுவதே சரி.

"இங்க இல்லையே" என்றேன்.

"இல்லன்னா எங்க சார் போவும்? நல்லாப் பாருங்க. மஞ்ச வட்டம் போட்டது."

தலைமையாசிரியை, "அம்மா, ஒரு சிப்ஸ் பாக்கெட்டுதானே. வேற ஒண்ணு வாங்கித் தரச் சொல்லுதேன்" என்றார்.

"திங்கதுக்குக் கேக்கல டீச்சர். திங்கதுக்குன்னா நான் ஒரு நாளைக்கு ஆயிரம் பாக்கெட்டு கட்டுதவதான்." அவர் அலமாரிக் கதவைப் பிடித்துக்கொண்டார். "குறுமுறு கம்பெனில பேக்கிங்ல இருக்கேன். புதுசா என்ன ருசி போடலாம்னு எல்லார்ட்டயும் எழுதி வாங்குனாவ. மேனேசரு, சூப்பர்வைசரெல்லாம் சீஸு, பார்பிக்யூன்னு எழுதுனாவ. நாங்க மத்தியானம் ஒடஞ்ச சிப்ஸத்தான் கஞ்சிக்குத் தொட்டுக்கிடுவோம். நான் மேல ஒரு மோர்மொளகாய நொறுக்கித் தூவிக்கிடுவேன். எனக்கு வேற என்ன தெரியும்? அதச் சொன்னேன். அதையே எடுத்துட்டாவ டீச்சர். பின்னால எம்பேரு போட்டாவ. எம்பேரு!"

அறையில் இருந்த மற்றப் பெற்றோர் பேச்சை நிறுத்தியிருந்தார்கள்.

"எங்கையாலதான் பேக் பண்ணுனேன். எப்ப வேணா எடுத்துக்கிடலாம்னு இருந்துட்டேன். நிப்பாட்டப் போறாவன்னு எனக்கு யாரு சொன்னா? கடைசில ஒண்ணே ஒண்ணு எடுத்துச் சாமி படத்துக்குப் பக்கத்துல வச்சிருந்தேன். இந்தக் களுத எடுத்துட்டு வந்துட்டா." முகிலா தாயின் பின்னால் நின்று தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

தலைமையாசிரியை என் பக்கம் திரும்பினார். "சாவி யார்ட்ட சார் இருக்கு?"

"ரெண்டு சாவி மேடம். ஒண்ணு எங்கிட்ட. ஒண்ணு பால்துரைட்ட."

பால்துரை வாசலருகே நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார். எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். அவர் என்னைப் பார்த்தார். ஒரு நாற்காலி கையிலேயே இருந்தது.

நான் கூறிய வாக்கியத்தில் பொய் ஏதும் இல்லை. வீட்டுக்கு வந்த பிறகு மூன்று முறை சொல்லிப் பார்த்துவிட்டேன். சாவிகள் இரண்டுதான்.

காலை: இட்லி 3. பகல்: உண்ணவில்லை. இரவு: உண்ணவில்லை.

செப்டம்பர் 1, திங்கள்

காலையில் முதல் வேலையாக இருட்டறைக்குச் சென்றேன். நிறமாலைமானியின் அடியில் ஒன்றும் இல்லை. துடைத்து வைத்திருந்தது.

தலைமையாசிரியை என்னை அழைத்தார். பால்துரையிடம் விளக்கம் பெற்று வியாழனுக்குள் அறிக்கை தர வேண்டும். வெள்ளிக்கிழமை நிர்வாகக் குழு கூடுகிறது. அறிக்கை எதிராக இருந்தால் நிரந்தரம் என்ற பேச்சே இல்லை, அன்றே வேலையிலிருந்து விடுவித்துவிடுவார்கள்.

"யார விசாரிக்கச் சொல்லலாம் மேடம்?" என்றேன்.

"என்ன சார் கேள்வி இது? நீங்களே விசாரிங்க. ஒங்கள விட நேர்மையா யாரு விசாரிப்பா?"

நன்றி என்றேன். அந்தச் சொல் எப்படி வந்தது என்று தெரியவில்லை.

செப்டம்பர் 2, செவ்வாய்

மாலை 4.30, இயற்பியல் ஆய்வகம். கேள்விகளை ஏற்கெனவே வெள்ளைத் தாளில் எழுதி எண்ணிட்டிருந்தேன். பால்துரை எதிரே நின்றார். உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

"ரெண்டாவது சாவி ஒங்ககிட்டதானே இருக்கு?"

"ஆமா சார்."

"ஆகஸ்ட் பன்னெண்டுலேர்ந்து முப்பதுக்குள்ள அலமாரியத் தொறந்தீங்களா?"

"தூசி தட்டத் தொறந்தேன் சார்."

மூன்றாவது கேள்வி, பாக்கெட்டை எடுத்தீர்களா என்பது. நான் அதை வாசித்தேன்.

அவர் சட்டைப் பையிலிருந்து எதையோ எடுத்து மேசையில் வைத்தார். நான்காக மடித்த பாக்கெட். மேல் விளிம்பு நேர்கோடாக வெட்டப்பட்டிருந்தது. மஞ்சள் வட்டம் மேலே தெரிந்தது.

"ஸ்பெக்ட்ரோமீட்டருக்கு அடில இருந்துது சார். மத்தத எல்லாம் வாரத்துக்கு ஒருக்கா எடுத்துக் குப்பைல போட்டுருவேன். இதப் போட மனசு வரல. பின்னால ஒரு பொம்பளைப் பேரு போட்டிருந்துது."

மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. தாள்கள் பறக்காமலிருக்க அவர்தான் ஒரு தராசுப் படிக்கல்லை எடுத்து அவற்றின் மேல் வைத்தார்.

"எப்பலேர்ந்து தெரியும்?"

"எறும்பு வந்தப்பவே தெரியும் சார். அதுக்கு முந்தி ஒரு நாள் கண்ணு செவந்து வெளிய வந்திய. மொளகாத்தூள் கையோட கண்ணத் தொட்டுட்டியன்னு நெனச்சேன். அதான் சோப்பு வச்சேன்."

"சனிக்கிழமயே இத ஏன் எடுத்துக் காட்டல?"

அவர் முதன்முறையாக என் முகத்தை நேராகப் பார்த்தார். "நான் காட்டுனா, நானே தின்னுட்டு மடிச்சு வச்சிருந்தேம்பாவ. நான் சொன்னா யாரு சார் நம்புவா? நீங்க சொன்னாத்தான நம்புவாவ. நீங்க சொல்லுவியன்னு இருந்தேன்." பிறகு, "வெள்ளிக்கிழம கமிட்டி சார்" என்றார். குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

மூன்றாவது கேள்விக்கு நேரே பதிலுக்கான இடம் வெறுமையாக இருந்தது. "அங்கன என்ன வேணுமோ நீங்களே எழுதிக்கிடுங்க" என்று கூறி, கடைசியில் தன் பெயரைக் கையொப்பமிட்டுவிட்டுச் சென்றார். வெறுமையான பதிலுக்குக் கீழே கையொப்பம் வாங்கக் கூடாது என்பது எனக்குத் தெரியும். வாங்கியிருக்கிறேன்.

அவர் போன பிறகு பாக்கெட்டை விரித்தேன். நீரில் அலசிக் காயவைத்திருந்தார். எண்ணெய்ப் பிசுக்கு இல்லை. சோடியம் எண்ணுக்கும் காலாவதி நாளுக்கும் நடுவே ஒரு வரி: 'இந்தச் சுவையைச் சொன்னவர்: எங்கள் பேக்கிங் பிரிவின் இ. பேச்சித்தாய்.' எழுத்து சிறியதாகக் கூட இல்லை. பின்பக்கம் முழுவதையும் வாசித்ததாக ஆகஸ்ட் 12 அன்று எழுதியிருக்கிறேன். எண்களை மட்டும் வாசித்திருக்கிறேன்.

செப்டம்பர் 3, புதன்

ஒரு நாள் முழுவதும் அறிக்கையை வேறு விதமாக எழுத முடியுமா என்று முயன்றேன். உண்மையை எழுதுகிறேன், ஒன்றையும் மறைக்கவில்லை, ஆயினும் என் பணிப்பதிவேட்டில் சிவப்புக் கோடு விழக் கூடாது. அப்படி ஒரு வரைவு. 'பாக்கெட் எலியால் சேதமுற்றிருக்கலாம்' என்றும் ஒரு வரைவு எழுதினேன். ஐந்து வரைவுகள். இயற்பியலில் முதுகலை, இருபத்தைந்து ஆண்டு ஆசிரியப் பணி, அதன் பயன் ஓர் எலி.

மாலை வீட்டுக்கு வந்தபோது செண்பகவடிவு அடுப்படியில் கொத்தமல்லி வறுத்துக்கொண்டிருந்தாள். உலக்கையால் இடித்து இடித்து அவள் உள்ளங்கையில் காய்ப்பு ஏறியிருப்பதை இன்றுதான் கவனித்தேன். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். ரசச் சீவல் முதல் மோர்மிளகாய் வரை. ஷைனி கேட்டபோது நான் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்ததையும் சொன்னேன்.

அவள் அடுப்பை அணைத்தாள்.

"ஒரு வார்த்த சொல்லிருக்கலாம்லா? வடிவு, என்னால முடியலன்னு. வாரத்துக்கு ஒரு அப்பளம் சுட்டுத் தந்துருப்பேன். அந்தப் பிள்ள முன்னால என்னயக் கள்ளியாக்கிட்டு, நீங்க சொவரப் பாத்துட்டு இருந்திய." வறுத்த மல்லியைத் தட்டில் கொட்டிவிட்டு, "ரெண்டு மாசமா நான் மண்ணத் தின்னுருக்கேன்" என்றாள்.

இரவு எட்டு மணிக்கு வழக்கம்போல் இருவருக்கும் பரிமாறினாள். எனக்கு உப்பில்லாக் குழம்பு. பிறகு எழுந்து, மேல் தட்டில் இரண்டு மாதமாகத் தொடாமலிருந்த உப்பு ஜாடியை இறக்கி, தன் தட்டில் ஒரு பெரிய சிட்டிகை போட்டுப் பிசைந்தாள். என்னைப் பார்க்காமல் உண்டாள். நானும் உண்டேன். அவள் உண்ணும் சத்தம் நன்றாகக் கேட்டது.

செப்டம்பர் 4, வியாழன், காலை 6.10

அழுத்தம் 150/94. காலை: சுக்கு மல்லிக் காப்பி, அரைக் குவளை. தம்ளரை மேசையில் வைத்துவிட்டு அவள் போய்விட்டாள். ஆனால் வைத்தாள்.

விடுபட்ட பதிவுகள்: ஜூலை 16 முதல் ஆகஸ்ட் 6 வரை 'விதி ஏழு' என்று எழுதிய ஒவ்வொரு இடத்திலும் 'தின்றேன்' என்றும், நுங்கு சோடாவுக்கு மட்டும் 'குடித்தேன்' என்றும் திருத்தி வாசிக்க வேண்டும். மொத்தம் ஆறு. ஆகஸ்ட் 19 அன்று ஒன்று. அது விதியின் கீழ் வராது.

இனிச் செய்யப் போவது:

காலை 8.45 மணிக்கு, பிரார்த்தனைக் கூட்டத்துக்கு முன், இந்த நோட்டைத் தலைமையாசிரியையின் மேசையில் வைப்பேன். இதுவே என் விசாரணை அறிக்கை. வேறு அறிக்கை எழுத மாட்டேன். பால்துரை கையொப்பமிட்ட தாளில், மூன்றாவது கேள்விக்கு நேரே, 'எடுக்கவில்லை. எடுத்தவர் விசாரணை அதிகாரி' என்று என் கையெழுத்தில் எழுதி, அதன் கீழே நானும் கையொப்பமிட்டிருக்கிறேன். என் அலமாரிச் சாவியை அதன் மேல் வைப்பேன். சனிக்கிழமை எல்லோரும் அவரைப் பார்த்த அந்த வாசலில், ஆசிரியர்கள் அனைவர் முன்பும் இதை வாயாலும் சொல்வேன். நாளை குழுவின் முன் என்னை அழைத்தாலும் அழைக்காவிட்டாலும் போவேன்.

பகல் இரண்டு மணிக்குக் குறுமுறு ஆலையில் ஷிப்ட் மாறுகிறது. அந்த வாயிலில் நின்று பேச்சித்தாயைச் சந்திப்பேன். அலசிக் காயவைத்த பாக்கெட்டை இரண்டு கையாலும் கொடுப்பேன். இது வெறும் பாக்கெட், உள்ளே இருந்ததை நான் தின்றுவிட்டேன் என்று சொல்வேன். முகிலாவிடமும் மன்னிப்புக் கேட்பேன்.

தன் சுவை எப்படி இருந்தது என்று அவர் கேட்கக் கூடும். கேட்டால் அதையும் மறைக்க மாட்டேன். உப்பும் புளிப்பும் கரிந்த மிளகாயும் தெரிந்தன, கண்ணில் நீர் வந்தது என்று சொல்வேன். சிப்ஸ் மொறுமொறுவென்று இருந்ததா என்று கேட்டால், அது எனக்குத் தெரியாது, வெளியே சத்தம் கேட்கக் கூடாதென்று ஊறவைத்துத் தின்றேன் என்று, அந்த வாயிலில் போகிறவர்கள் வருகிறவர்கள் எல்லோருக்கும் கேட்கும்படி சொல்வேன்.